வியாழக்கிழமை ஆட்டக்காரன்

ஹாலோவே, டெக்சஸ்
1999 ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. இரண்டொரு முறை போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். போனில் நீ கத்துவாய், நானும் கத்துவேன். கடிதத்தில் கத்த முடியாது. கத்தினாலும் ஓக்லண்டிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடையில் டயரைத் தொட்டால் கை வெந்துவிடுகிறது. உன் தம்பி மனைவி வில்லா மே நலமாக இருக்கிறாள். உன் பங்கு தர்ப்பூசணியையும் சேர்த்து நான் தின்பதாகச் சொல்லி என்னைத் திட்டுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கால்பந்து மைதானத்துக்கு, அதுதான் பள்ளத்தில் இருக்கிற நம் 'கிண்ண'த்துக்கு, இந்த வருஷம் ஐம்பது வயது. அக்டோபரில் பழைய மாணவர்கள் கூடுகிற வெள்ளிக்கிழமை ஆட்டத்தன்று பெரிய விழா. குழுவுக்கு ராய்ஸ் ஹெண்ட்லிதான் தலைவன். என்னையும் குழுவில் போட்டிருக்கிறான். இடைவேளையில் நான் பேச வேண்டுமாம்.

"வெஸ்ட்ப்ரூக் ஆட்டத்துல நீ ஓடினியே, அந்த ஓட்டத்த இந்த ஊரு இன்னும் மறக்கலடா. நீ பேசாம வேற யாரு பேசறது?" என்றான்.

வாசலில் இருந்த நினைவுக் கல் போன குளிரில் விரிசல் விட்டுவிட்டது. புதுக் கல் வைக்கிறார்கள். உட்கார புதுப் பலகைகள், புது விளக்குகள். கிண்ணம் பார்க்க நன்றாக இருக்கிறது, அக்கா.

நீ வர வேண்டும். அடக்கத்தன்று ராய்ஸ் பேசியது உனக்குப் பிடிக்கவில்லை, தெரியும். அவன் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. உன் அறை அப்படியே இருக்கிறது. மெத்தை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

உன் தம்பி
ஹோசியா


ஓக்லண்ட், கலிஃபோர்னியா
ஆகஸ்ட் 17

ஹோசியாவுக்கு,

கடிதம் வந்தது. நான் வரவில்லை.

உன் நண்பன் அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்தத் தாய்தான் நம்ம ஹோசியாவ நமக்குக் குடுத்தாங்க" என்றான். தேவாலயம் முழுக்கத் தலையாட்டியது. நீயும் ஆட்டினாய். அம்மா பெற்றது மூன்று பேரை. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் மூன்று என்று எண்ணியாவது இருப்பான்.

கிண்ணத்துக்கு ஐம்பது வயது என்கிறாய். யாருடைய ஐம்பது? அப்போது மைதானம் வெள்ளிக்கிழமை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் ஹாலோவே பள்ளிக்கு. வியாழக்கிழமை கறுப்பர்களான நம் டக்கர் பள்ளிக்கு. நீ டக்கரில் இரண்டே வருஷம் இருந்தாய், மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. புதன்கிழமை மழை பெய்தால் வியாழக்கிழமை நமக்கு மைதானம் கிடையாது. நாம் மிதித்தால் வெள்ளிக்கிழமைக்குப் புல் கெட்டுவிடுமாம். அரையிறுதி ஆட்டத்தை அண்ணன் ஒரு மாட்டு மேய்ச்சல் நிலத்தில் ஆடினான். சாணியில் வழுக்கிக்கொண்டே பந்தை எறிந்து ஜெயித்தான். நான் வாத்தியக் குழுவுக்கு முன்னால் கோல் சுழற்றிப் போனவள். இடைவேளையில் எங்களைப் புல்லில் இறங்க விடமாட்டார்கள். ஓரத்து ஓடுபாதையில் நடந்தே வாசித்தோம். முட்டி உயரம் காலைத் தூக்கித் தூக்கிச் சாம்பல் தூசியில் நடந்தோம்.

ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். அந்த வியாழக்கிழமைகளைப் போல எதுவும் இல்லை. வறுத்த மீன் வாசனை, சித்திகளின் தொப்பிகள், அண்ணன் பந்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகரும்போது நம் ஆட்கள் உட்காரும் கிழக்குப் பக்கம் முழுக்க மூச்சை அடக்குவது. அதைப் பற்றி உன் பேச்சில் ஒரு வரி வருமா?

இன்னொரு கேள்வி. வாசல் கல் என்றால் போரில் இறந்த ஆட்டக்காரர்களின் பெயர் உள்ள கல்தானே? அறுபத்தேழில் அண்ணன் வியட்நாமில் இறந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம் ராய்ஸின் சித்தப்பா மகன் டெனிஸ் இறந்தபோது முழு மைதானமும் எழுந்து நின்றது. நானும் நின்றேன். டெனிஸ் பெயர் கல்லில் இருக்கிறது.

புதுக் கல்லில் ஆமோஸ் ஹைடவர் என்று இருக்குமா? இருந்தால் எழுது. இல்லையென்றால் வானிலையைப் பற்றி எழுது, படிக்கிறேன்.

வெர்லீன்


ஹாலோவே
செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் இன்னும் குறையவில்லை. வானிலை முடிந்தது.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். வில்லா மே துவைக்கப் போட்டபோது எடுத்துப் படித்துவிட்டாள். "உங்க அக்கா கேட்டதுல என்ன தப்பு?" என்றாள். நேராக ராய்ஸின் தீவனக் கடைக்குப் போனேன்.

"கல்லுல எங்க அண்ணன் பேரு வரணும்" என்றேன்.

அவன் மூட்டையை இறக்கி வைத்தான். "எந்தக் கல்லுடா?"

"வாசல் கல்லு."

"அது கழுகுங்களோட கல்லுடா. ஹாலோவேக்கு ஆடுனவங்க."

"கல்லுல என்ன எழுதியிருக்கு, சொல்லு. 'இந்த மைதானத்தில் ஆடி, நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்கள்.' கழுகுன்னு எங்க இருக்கு?"

அக்கா, அவன் தினமும் அந்தக் கல்லைத் தாண்டிப் போகிறவன். அந்த வரியை அப்போதுதான் முதல் முறையாகக் காதில் வாங்கினான் என்று நினைக்கிறேன்.

"குழுவுல வைக்கிறேன்" என்றான். "ஆனா பொம்பளைங்க ரெண்டு பேரு இருக்காங்க, அவங்க வாய்க்கு நான் பயப்படறவன், உனக்கே தெரியும்."

இதைவிட அவனிடம் எதிர்பார்க்க முடியாது. நீ அங்கிருந்து எழுதுவது சுலபம். நான் இங்கே டயர் விற்க வேண்டும். என் வாடிக்கையாளரில் பாதிப் பேர் கழுகுகள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ கோபித்துக்கொள். டக்கரை மூடி என்னை ஹாலோவேயில் சேர்த்த பிறகு எனக்கு வெள்ளிக்கிழமையும் பிடித்திருந்தது. முதல் ஆட்டத்தில் என் மேலேயே காறித் துப்பினார்கள், ஹாலோவே பக்கத்து ஆட்களே. அடுத்த வருஷம் வெஸ்ட்ப்ரூக் பள்ளியோடு ஆடிய ஆட்டத்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடியபோது அதே ஆட்கள் என் பெயரைச் சொல்லி அலறினார்கள். பதினேழு வயதுப் பையனுக்கு அது எப்படி இருக்கும்? பொய்யென்று தெரிந்தாலும் இனிக்கும். ராய்ஸ் எனக்கு முன்னால் ஓடி, எதிரே வந்தவனை இடித்துத் தள்ளி வழி செய்துகொடுத்தான். அதில் அவன் தோள் இறங்கியது. இன்றும் மழை வந்தால் அவனுக்கு வலிக்கும். அது பொய்யில்லை.

அண்ணன் கடைசியாக விடுப்பில் வந்துவிட்டுப் போகும்போது பஸ் நிலையத்தில் என்னிடம் ஒன்று சொன்னான். டக்கரை மூடப் போகிறார்கள் என்று பேச்சு வந்திருந்த நேரம். "கதவ தொறந்தாங்கன்னா உள்ள போடா. நன்றி மட்டும் சொல்லாத" என்றான்.

உன் தம்பி
ஹோசியா


ஓக்லண்ட்
செப்டம்பர் 11

ஹோசியா,

பஸ் நிலையத்தில் அண்ணன் சொன்னது எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் அதை உன்னோடே வைத்திருந்தாயே, பாவி.

நீ வெள்ளிக்கிழமை ஆடியது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. நீ ஓடியபோது அம்மா வீட்டில் ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததை நான்தான் பார்த்தேன். அண்ணன் போன மறுவருஷம் அது. அவள் சிரித்து அழுதது அன்றைக்குத்தான். அதனால் அந்த ஓட்டத்தைப் பற்றி என்னிடம் நீ மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதாதே.

நான் சொல்வதெல்லாம் அண்ணன் சொன்ன பிற்பாதி. முப்பது வருஷமாக நீ நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறாய். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், அந்த ஓட்டத்தைச் சொல்லி, அவர்களைச் சிரிக்க வைத்து, "நம்ம ஊரு எல்லாரையும் ஏத்துக்கிட்ட ஊரு" என்று முடிக்கிறாய். போன தடவை வந்தபோது அந்தப் பேச்சைக் கேட்டேன். நன்றாகத்தான் பேசினாய். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

டயர் விற்க வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. அங்கே வாழ்கிறவன் நீ. முடிவை நீயே எடு. நான் இனி இதைப் பற்றி எழுதமாட்டேன்.

வெர்லீன்

வில்லா மேயிடம் சொல், அவள்தான் எனக்குப் பிடித்த உறவினர் என்று.


ஹாலோவே
செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

குழுக் கூட்டம் நடந்தது. நான் இப்போது குழுவில் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பள்ளி நூலகத்தில் உட்கார்ந்திருந்தோம். லொரெய்ன் பீச்சம் அம்மாள் கொண்டுவந்த எலுமிச்சை கேக்கைத் தின்று முடிக்கும்வரை யாரும் என் விஷயத்தை எடுக்கவில்லை. பிறகு ராய்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். நன்றாகவே சொன்னான், குறை சொல்லமாட்டேன்.

லொரெய்ன் அம்மாள் என்னைப் பார்த்து இனிமையாகச் சிரித்தார். "ஹோசியா, உங்க மேல எங்களுக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். ஆனா ஏதாவது ஆதாரம் வேணும்ல? அவரு ஆடுனதுக்கு ஒரு ரெக்கார்டு, ஒரு போட்டோ... நாளைக்கு யாரு வேணா வந்து எங்க அண்ணன் ஆடுனாரும்பாங்க."

"டக்கர் பள்ளிய மூடினப்போ கோப்பை, போட்டோ, ரெக்கார்டு எல்லாத்தையும் லாரியில ஏத்திக் குப்பை மேட்டுல கொட்டினாங்க. எங்கம்மா போய்க் கிளறிப் பாத்தாங்க. ஒண்ணும் உருப்படியா கிடைக்கல. இப்போ ஆதாரம் எங்கிட்ட கேக்கறீங்க."

எல்லோரும் கேக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், வெளியூரிலிருந்து வந்து கொஞ்ச காலமே ஆனவர், உண்மையிலேயே உதவ நினைத்து ஒரு யோசனை சொன்னார்.

"வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி ரொம்ப நெருக்கடியா இருக்கு. அதுக்கு முந்தின நாள் சின்னப் பசங்க ஆட்டம் இருக்குல்ல? அன்னைக்கு டக்கர் பள்ளிக்காரங்களுக்குன்னு தனியா ஒரு விழா வச்சா என்ன? அவங்களுக்கும் கௌரவமா இருக்கும்."

முந்தின நாள் வியாழக்கிழமை, அக்கா.

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், தானும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தார். ராய்ஸுக்கு மட்டும் புரிந்துவிட்டது. அவன் முகம் செங்கல் நிறமாகிவிட்டது.

"வெள்ளிக்கிழமை பேச வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் ராய்ஸ் ஓடி வந்தான். "ஏண்டா என்ன இப்பிடிச் சந்தியில நிறுத்துற?"

"நானா நிறுத்துறேன்?"

"முப்பது வருஷத்துல ஒரு தடவகூட நீ எங்கிட்ட இதப் பத்திப் பேசினதில்லையேடா."

"நீ கேட்டதில்ல. நானும் சொல்லல. ரெண்டு பேருக்கும் அது வசதியா இருந்துச்சு."

அவன் அங்கேயே நின்றான். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடையில் கூட்டம் குறைந்திருக்கிறது. இதனால்தானா, பருவம் அப்படியா, தெரியவில்லை. வில்லா மே மட்டும் பாடிக்கொண்டே சமைக்கிறாள்.

ஹோசியா


ஓக்லண்ட்
அக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

வியாழக்கிழமை! பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

பிறகு இறங்கி நடக்கும்போது பயம் வந்தது. நான் தூண்டிவிட்டேன், நீ எரிகிறாய். கடை எப்படி? உண்மையைச் சொல். பொய் சொன்னால் வில்லா மேயிடம் கேட்பேன்.

இனி எழுதமாட்டேன் என்றேன். ஆனால் சும்மா இருப்பேன் என்று சொல்லவில்லை. க்ளீட்டஸ் பராமோர் நினைவிருக்கிறதா? டக்கரில் ட்ரம்போன் வாசித்தவன், இப்போது ஹூஸ்டனில் இருக்கிறான். அவனுக்குப் போன் செய்தேன். "ஆதாரமா கேட்டாங்க?" என்றான். "நூத்திப் பத்து கிலோவுல நான் இருக்கேன், பத்தாதா?" அவன் இன்னும் பலரைக் கூப்பிட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை டிக்கெட் வாங்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் வந்து உட்காரப் போகிறார்கள். சண்டை கிடையாது, பதாகை கிடையாது. உட்காருவார்கள், அவ்வளவுதான். நீயும் போய் அவர்களோடு உட்கார்.

நான் வரவில்லை. மருத்துவமனையில் ஆள் இல்லை என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் நான் வந்து உட்கார்ந்து, அவர்கள் டெனிஸ் பெயரைப் படித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவதை இன்னொரு முறை கேட்க என்னால் முடியாது. அதற்கான நெஞ்சு என்னிடம் இல்லை.

அக்கா


ஹாலோவே
அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

முந்தாநாள் விழா முடிந்தது. நேற்றே எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

நானும் வில்லா மேயும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் போனோம். வாசலில் டிக்கெட் கிழிப்பவன் என்னைப் பார்த்து, "நீங்க எதுக்குண்ணே டிக்கெட்டு?" என்றான். "ஆட்டம் பாக்க" என்றேன். புதுக் கல் துணியால் மூடியிருந்தது.

கிழக்குப் பக்கம் ஏறினால், அக்கா, நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் டக்கரின் ஊதாச் சட்டையில். பொத்தான் போட முடியாமல் சிலர் மேலே சும்மா மாட்டியிருந்தார்கள். க்ளீட்டஸ் ஒரு பெட்டி நிறைய வறுத்த மீனோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "வாடா வெள்ளிக்கிழமை!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நகர்ந்து இடம் விட்டார்கள்.

இடைவேளையில் நான் பேச வேண்டிய இடத்தில் ராய்ஸ் மைக்கோடு நின்றான். வரவேற்றான், மேயரைப் பாராட்டினான். பிறகு வாசலில் கல்லைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பெயர்களைப் படித்தான். குடும்பப் பெயரின் அகர வரிசை. படித்துக்கொண்டே வந்தவன் டெனிஸ் ஹெண்ட்லி என்று சொல்லிவிட்டு நின்றான்.

அவன் சித்தப்பா மகன் அல்லவா, அதனால் நிற்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நின்றுகொண்டே இருந்தான். மேலே எங்கள் பக்கம் பார்த்தான்.

"இந்த எடத்துல இன்னொரு பேரு வரணும்" என்றான். "கல்லுல இல்ல. இருக்கணும். ஆமோஸ் ஹைடவர். நம்ம ஹோசியாவோட அண்ணன். டக்கர் பள்ளிக்காக இதே மைதானத்துல ஆடினாரு. வியாழக்கிழமைகள்ல. அறுபத்தேழுல போனாரு, டெனிஸுக்கு ஒரு மாசம் முன்னால. அப்போ நாம எந்திரிக்கல."

அவ்வளவுதான் சொன்னான். அடுத்த பெயரைத் தப்பாகப் படித்தான்.

கிழக்குப் பக்கம் ஏற்கனவே எழுந்து நின்றது. எதிர்ப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. யாரோ ஒருவன், "ஆட்டத்த ஆரம்பிங்கய்யா!" என்றான். பிறகு அங்கொருவர் இங்கொருவராக எழுந்தார்கள். எல்லோரும் எழவில்லை, அக்கா. லொரெய்ன் அம்மாள் எழவில்லை. வங்கிக்காரர் எழுந்தார். எழுந்தவர்களைவிட உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகமா என்று நான் எண்ணவில்லை. எண்ணக் கூடாது என்று வில்லா மே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அழுதேன். கோபமும் வந்தது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து வந்ததற்கு அழுகிறாயே, வெட்கமில்லையா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

ஆட்டம் முடிந்து (தோற்றோம், படு தோல்வி) ராய்ஸ் படிக்கட்டில் ஏறி வந்தான். தோளைப் பிடித்துக்கொண்டே ஏறினான்.

"சரியா சொன்னேனாடா?"

"பாதி சரி" என்றேன்.

"மீதி?"

"கல்லுல இருக்கு."

க்ளீட்டஸ் அவனுக்கு ஒரு மீன் துண்டை நீட்டினான். நின்றுகொண்டே தின்றான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான் சொன்னேன்.

ஹோசியா


ஓக்லண்ட்
அக்டோபர் 25

அன்புள்ள தம்பிக்கு,

உனக்குத் தெரியாது. அன்று க்ளீட்டஸ் அவனுடைய கைப்பேசியில் என்னைக் கூப்பிட்டு, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல்லும் புரியவில்லை. வெறும் இரைச்சல். ஆனால் நடுவில் இரைச்சல் அடங்கியது. அது மட்டும் தெளிவாகக் கேட்டது. என்னவாக இருக்கும் என்று உன் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது. நானும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அது வேறு எதுவாகவோ இருந்துவிடுமோ என்ற பயம்.

"ஹோசியாவின் அண்ணன்" என்றானாமே. சின்ன வயதில் உன்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்களா? "ஆமோஸ் வாலு" என்பார்கள். இப்போது அவன் உன் அண்ணன் ஆகிவிட்டான். அவன் இருந்திருந்தால் இதைக் கேட்டு உன் முதுகில் ஒன்று போட்டிருப்பான். நான் இங்கே உட்கார்ந்து சிரித்தேன்.

ராய்ஸைப் பற்றி என் மனம் மாறிவிட்டது என்று நினைக்காதே. கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. "நாம எந்திரிக்கல" என்றானே, "நீங்க எந்திரிக்கல" என்று ஊரை மட்டும் சொல்லாமல் தன்னையும் சேர்த்து "நாம" என்றானே. அதில் நகர்ந்தது.

ஆனால் நீ சொன்னதுதான் சரி. மைக்கில் சொன்னது காற்றோடு போய்விடும். கல் என்ன ஆயிற்று?

அக்கா


ஹாலோவே
2000 மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டு ஐந்து மாதம். பதில் இல்லாததால் எழுதவில்லை. இப்போது இருக்கிறது.

ராய்ஸ் மாதா மாதம் கூட்டத்தில் இதையே எடுத்தான். மூன்று முறை தள்ளிப்போட்டார்கள். நாலாவது முறை, இவன் ஓயமாட்டான் என்ற சலிப்பில்தான் சம்மதித்தார்கள் என்று நினைக்கிறேன். மனம் மாறிச் சம்மதித்தார்கள் என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன்.

ஆனால் புதுக் கல் ஏற்கனவே வெட்டியாகிவிட்டதே. பெயருக்குப் பெயர் இடைவெளி இல்லை. டெனிஸுக்குக் கீழே அண்ணனுக்கு இடம் கிடையாது. கல் வெட்டுகிறவர் தட்டிப் பார்த்து, "அடியில மட்டும்தான் எடம் இருக்கு" என்றார். அடி என்றால் தரையிலிருந்து ஒரு சாண். புல் வளர்ந்தால் மறைத்துவிடும்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "வேண்டாம், விடுங்க. அவன் ஒண்ணும் இவங்க காலடியில கெடக்க வேண்டாம்" என்று கத்தினேன். வேறு கல் வைக்கலாம் என்று ராய்ஸ் கேட்டுப் பார்த்தான். முடியவே முடியாது என்றுவிட்டார்கள். உனக்கு எழுதிக் கேட்கலாமா என்று யோசித்தேன். நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். சரி என்று சொல்லிவிடுவாயோ என்றும் பயந்தேன். கடைசியில் வில்லா மேதான், "பேரு இல்லாம இருக்கறதுக்கும் கீழ இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு" என்றாள். செதுக்கச் சொன்னேன்.

போன வாரம் முடிந்தது. அடுத்த நாளிலிருந்து நான் கடைக்குப் போகும் வழியில் எதிரே வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் விட்டு ராய்ஸ் கோட்டு சூட்டோடு வந்தான். நான் எதிரே இருப்பதை அவன் பார்க்கவில்லை. டெனிஸ் பெயரை விரலால் தொட்டான். பிறகு கால்சட்டையை முட்டியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு மெல்லக் குனிந்தான். அப்படியும் எட்டவில்லை. ஈரத் தரையில் ஒரு முட்டியை ஊன்றி, புல்லை விலக்கிப் படித்தான். எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுப் போனான்.

அவன் பின்னால் ஒரு குடும்பம் வந்தது. அவர்களும் குனிந்தார்கள். லொரெய்ன் அம்மாள்கூட நேற்று கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்ததாக வில்லா மே சொல்கிறாள்.

மேலே இருப்பவர்களை எல்லோரும் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்கள், அக்கா. நம் அண்ணனைப் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும்.

ஹோசியா


ஓக்லண்ட்
மார்ச் 26

அன்புள்ள தம்பிக்கு,

ஏப்ரல் கடைசியில் வருகிறேன். விடுப்புக் கொடுத்துவிட்டார்கள்.

நேராக வீட்டுக்கு வேண்டாம். விமான நிலையத்திலிருந்து முதலில் கிண்ணத்துக்குப் போவோம். ராய்ஸ் வர வேண்டும் என்றால் வரட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

முப்பது வருஷம் மருத்துவமனைத் தரையில் நின்று என் முட்டி இரண்டும் போய்விட்டன. குனிந்துவிடுவேன். எழுந்திருக்கத்தான் முடியாது. நீ பக்கத்திலேயே நில்.

அக்கா